பன்னிரண்டு எண்ணுவதற்குள்

தெருவில் நடக்கிறவர்களை எண்ணுவதுதான் எங்கள் அலுவலகத்தின் வேலை. இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் யாரும் நம்புவதில்லை. "அதுக்கு சம்பளம் வேற தர்றாங்களா?" என்று என் சின்ன அத்தை பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். தருகிறார்கள். எந்தத் தெருவில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று தெரியாமல் எந்த நகராட்சியும் நடைபாதையில் ஒரு கல்லைக்கூட மாற்றக்கூடாது. மாற்றினால் என்ன ஆகும் என்பதை நீங்களே உங்கள் ஊரில் பார்த்திருப்பீர்கள். நான் எண்ணுகிறவள் இல்லை. எண்ணிக் கொண்டுவந்து கொடுப்பதை வைத்து அறிக்கை எழுதுகிறவள். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதுவது என் பங்கு. வெயிலில் உட்கார்ந்து எண்ணுவது சொடக்கு அண்ணன் பங்கு.

சொடக்கு என்பது அவருடைய பெயர் இல்லை என்று சொல்லத் தேவையில்லை. உள்ளங்கைக்குள் அடங்குகிற ஓர் எஃகுக் கருவி வைத்திருப்பார். கட்டைவிரலால் அழுத்தினால் சொடக்கென்று சத்தம் வரும், ஓர் எண் கூடும். இருபத்திரண்டு வருடமாக அழுத்தி அழுத்தி, வலது கட்டைவிரல் இடதைவிடப் பருத்துப் போயிருந்தது. டீ குடித்துக்கொண்டிருக்கும்போது யாராவது கதவைத் திறந்து உள்ளே வந்தால்கூட அந்த விரல் தானாக மடங்கும். ஒரு கல்யாண வீட்டில், பந்தி தொடங்குவதற்கு முன்பே பெண்ணின் அப்பாவிடம் போய், "நானூத்திப் பன்னெண்டு பேர் வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டார். சாப்பாடு முந்நூறு பேருக்குத்தான் செய்திருந்தார்கள். அந்த மனிதர் அப்புறம் எங்கள் அலுவலகப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

இந்த வேலைக்கு மூன்று கட்டளைகள் உண்டு. நாளைக்கு எந்தத் தெருவில் உட்காரப்போகிறாய் என்பதை யாரிடமும் சொல்லாதே, வீட்டில்கூட. ஒரு தடவை கடைக்காரர்கள் முன்கூட்டியே தெரிந்துகொண்டு, மாமன் மச்சானையெல்லாம் கூட்டிவந்து நாள் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக நடக்கவிட்டதால் வந்த கட்டளை அது. இரண்டாவது, கால் மணி நேரம் என்பது ஒரு கட்டம். கட்டம் முடிகிறவரை எழுந்திருக்காதே, வாய் திறக்காதே. மூன்றாவதுதான் முக்கியம்: முகத்தைப் பார்க்காதே, காலைப் பார்.

"முகத்தைப் பார்த்தா மூணு பேரைத் தவற விட்டுடுவோம்மா" என்பார். "ஒரு முகத்தைப் பார்த்ததும் மனசு இவங்க யாரு, ஏன் இப்படி இருக்காங்கன்னு பின்னாலேயே போயிடும். கால் அப்படி இல்ல. கால் வந்தா வந்துச்சு, போனா போச்சு."

எல்லாருக்கும் ஒரு சொடக்கு. அதுபோக, தாளில் ஏழு பத்திகள் உண்டு. ஆண், பெண், குழந்தை, சுமை தூக்கியவர் என்று போய், ஏழாவது பத்தி மெதுநடை. எங்கே உட்கார்ந்தாலும் பதினைந்து தப்படி இடைவெளியில் இரண்டு விளக்குக் கம்பங்களைப் பார்த்துக்கொள்வார். முதல் கம்பத்தைத் தாண்டுகிறவர் இரண்டாவதை அடைவதற்குள் மனதுக்குள் பன்னிரண்டு எண்ணி முடித்துவிட்டால், அந்தக் காலுக்கு ஏழாம் பத்தியில் பென்சிலால் ஒரு கோடு. மூட்டு வலிக்காரர், பக்கவாதம் வந்து எழுந்தவர், நிறைமாதக்காரி எல்லாரும் அந்தக் கோட்டில் அடக்கம். அந்தப் பத்தியை நான் அறிக்கையில் சேர்த்ததே இல்லை. ஆறு பத்திக்கு மேல் போனால் அட்டவணை பக்கத்தில் அடங்காது. அவ்வளவுதான் காரணம். இன்று அதை எழுதும்போது என் காதே எனக்குச் சுடுகிறது.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர், அந்தப் பக்கம் பக்கத்து ஊர். பாலம் வழியாக பஸ்ஸில் இருபது நிமிடம். இரண்டு ஊருக்கும் நடுவில் தண்ணீரைவிடப் பொறாமைதான் அதிகமாக ஓடுகிறது. அவர்கள் பத்து வருடத்துக்கு முன்னால் பழைய கடைகளை இடித்துவிட்டு அகல வீதி என்று ஒன்றைக் கட்டினார்கள். தரை முழுக்க வெள்ளைக் கல், இரண்டு பக்கமும் கண்ணாடி முகப்பு வைத்த கடைகள், நடுவில் நீரூற்று, வண்டிகளுக்கு அனுமதி இல்லை. எங்களுடையது கடைத்தெரு. வேறு பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அதிலும் வண்டி வராது. தடை எதுவும் இல்லை, நுழைய முடியாது, அதனால். மூன்று இடத்தில் வளையும். இரண்டு இடத்தில் படி இறங்கும். மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் நகராட்சித் தலைவர் ஒருநாள் குடும்பத்தோடு அகல வீதிக்குப் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வந்தார். அன்று பிடித்தது கடைத்தெருவுக்குச் சனி. ஒரு பக்கத்துக் கடைகளின் முன்பகுதியை இடித்து, படிகளை நிரவி, வெள்ளைக் கல் பதிப்பது என்று திட்டம் தயாரானது. அதற்கு முன்னால் இரண்டு தெருக்களிலும் மூன்று வாரம் எண்ணி, ஒப்பிட்டு ஓர் அறிக்கை வேண்டுமென்று எங்களிடம் கேட்டார்கள். அவர்கள் எதிர்பார்த்தது என்ன என்பது கேட்ட தொனியிலேயே இருந்தது.

முதல் வார முடிவில் டீ குடிக்கும்போது, "ரெண்டு ஊரும் எப்படி இருக்கு அண்ணா?" என்று கேட்டேன்.

"அகல வீதியில பாதமெல்லாம் நேரா பார்க்குது. நம்ம தெருவில கோணலா பார்க்குது" என்றார்.

"அதனால என்ன?"

"கோணலா பார்க்கிற பாதம் கடை வாசலைப் பார்க்குதுன்னு அர்த்தம். நேரா பார்க்கிறது ரயிலைப் பிடிக்கப் போகுது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா ஒண்ணு சொல்லணும்மா. அங்க குழந்தைங்க ஓடுது. உட்கார பெஞ்சு இருக்கு, சுத்தமா கழிவறை இருக்கு. நம்ம தெருவில குழந்தையை இடுப்பை விட்டு இறக்கினா மிதிபட்டுடும்" என்றார்.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். இந்த மனிதர் இரண்டு கரையிலும் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தவர். எந்தக் கரை எவ்வளவு பச்சை என்பதை ஓரவஞ்சனை இல்லாமல் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமைத் தாள் வந்தபோது என் ரத்தம் கொதித்தது. அகல வீதி, காலை பதினொன்றேகாலிலிருந்து பதினொன்றே முக்கால்வரை இரண்டு கட்டங்கள் காலி. இருபத்திரண்டு வருடத்தில் அவர் தாளில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருந்ததில்லை. நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு உட்கார்ந்திருக்கிறார். அப்பா தவறிவிட்டார் என்று ஆள் வந்து சொன்னபோதும் கட்டத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். எனக்கு மூக்கு நுனியில் கோபம், அதோடு வாயும் கொஞ்சம் நீளம். எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

"என்ன அண்ணா, தூங்கிட்டீங்களா?"

"தப்புதாம்மா" என்றார்.

"தப்புன்னா? நான் அறிக்கையில என்ன எழுதுறது? எண்ணுறவர் கொட்டாவி விட்டார்னா?"

அவர் என் மேசை மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். கட்டைவிரல் மட்டும் ஒன்றுமில்லாத இடத்தில் அழுத்திக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்ததும் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. சாயங்காலம் எல்லாரும் போனபிறகு அவராகவே வந்து உட்கார்ந்து சொன்னார்.

அன்றைக்கு வெயில் அதிகம். வெள்ளைக் கல்லில் பட்டுக் கண் கூசியது. தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, மஞ்சள் மேலங்கியோடு தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தார். கூட்டத்துக்கு நடுவில் ஒரு ஜோடி சாம்பல் நிறக் கேன்வாஸ் காலணி வந்தது. மெல்லிய அடிப்பாகம், புதுசு. வலது கால் முன்னால் தடவிப் பார்க்கும், தரை இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் இடது கால் வரும். முதல் கம்பத்தைத் தாண்டியது. எண்ணினார். பன்னிரண்டு ஆனபோது அந்தக் கால்கள் பாதி தூரம்கூட வந்திருக்கவில்லை. ஏழாம் பத்தியில் கோடு போட்டார். அந்தக் கால்கள் நின்றன. பிறகு அவர் பக்கமாகத் திரும்பின.

"சார், கண் ஆஸ்பத்திரிக்கு ஏறுற படி எங்க இருக்குங்க? எல்லாம் ஒரே வெள்ளையா இருக்கு, ஒண்ணும் பிடிபடல."

சொடக்கு அண்ணன் இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"என் சம்சாரம்மா அது. என்கிட்டயே வந்து வழி கேட்டா. என்னை சார்னு கூப்பிட்டா."

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுந்ததில் நாற்காலி கவிழ்ந்தது. குரல் வராமல் அவள் கையைப் பிடித்திருக்கிறார். யாரோ அன்னியன் கையைப் பிடிக்கிறான் என்று அவள் வெடுக்கென்று இழுத்திருக்கிறாள். அப்புறம் அந்தப் பருத்த கட்டைவிரல் அவள் விரலில் பட்டிருக்கிறது.

"'ஐயோ, நீங்களா'ன்னா. அவ்வளவுதான் சொன்னா. ஏதோ திருடி மாட்டிக்கிட்ட மாதிரி முகத்தை வச்சுக்கிட்டா. எனக்கு அதைத்தாம்மா தாங்க முடியல."

எட்டு மாதமாக இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை "அக்கா வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போய்வந்திருக்கிறாள். இரண்டு கண்ணிலும் நடுவில் ஒரு மங்கல். ஓரம் தெரியும், பார்க்கிற இடம் தெரியாது. முகங்கள் போய்விட்டன. இருக்கிறதைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம், போனதைத் திருப்ப முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். ஆனால் வீட்டில் அவள் எதிலும் இடித்துக்கொள்ளவில்லை. எது எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும். டிவியில் ஒன்றும் நன்றாக இல்லை என்று சொல்லி ரேடியோவுக்கு மாறியிருக்கிறாள். அவரும் நம்பியிருக்கிறார்.

"முப்பதடி தூரத்துல வர்றவனுக்கு எந்த முட்டியில வலின்னு சொல்லிடுவேன். ஊர்க்கால் பூரா பார்த்தேன், வீட்டுக்காலைப் பார்க்கல" என்றார். அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். மன்னிப்புக் கேட்டபோது, "அதெல்லாம் விடும்மா. அந்த ரெண்டு கட்டத்தைச் சராசரி போட்டு நிரப்பிடாத. காலியாவே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் பழம் வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கடைத்தெருவின் பின்சந்தில், சாவி செய்கிறவர் கடைக்கு மேலே இரண்டு அறை. அண்ணி கதவைத் திறந்ததும் என் முகத்துக்குப் பக்கத்தில் எங்கோ பார்த்துச் சிரித்தார். பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலையில் இருபத்தைந்து வருடம் இருந்தவர்.

"இவர் காலை மட்டும் பார்த்தே காலத்தை ஓட்டினார், நான் ஜன்னல் ஓட்டை வழியா முகத்தை மட்டும் பார்த்தே ஓட்டினேன். ரெண்டு பேரையும் சேர்த்தாதான் ஒரு ஆளை முழுசாப் பார்க்க முடியும்" என்றார். பிறகு, "இப்ப என் பாதியும் போச்சு. உன் முகம் எப்படி இருக்கும்னு இவர்கிட்ட கேட்டேன். கறுப்பு செருப்பு, குதிகால் தேஞ்சிருக்கும்னு சொல்றார்" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். அண்ணன் சமையலறைக்குப் போகிறவரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்.

"சொன்னா வேலையை விட்டுட்டு என் பக்கத்துலயே உட்கார்ந்துடுவார். எனக்குத் தெரியாதா அவரை? எங்க போனாலும் கையைப் பிடிச்சுக்கிட்டே வருவார். எனக்கு அவர் கை பிடிக்கும், ஆனா நாள் பூரா பிடிச்சுக்கிட்டே இருந்தா அப்புறம் நான் நடக்கிறேன்னு எப்படி சொல்றது?"

டீயோடு சாப்பிட ரொட்டி வாங்க வேண்டும் என்று என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினார். அண்ணன் கூட வரப்பார்த்தார். ஒரு முறைப்பு முறைத்ததும் உட்கார்ந்துவிட்டார். கண் தெரியாதவரைக் கூட்டிப்போகிறோம் என்ற நினைப்பில் நான் முழங்கையை நீட்டினேன், பிடித்துக்கொண்டார். பத்தடி போனதும் புரிந்துவிட்டது, அவர்தான் என்னைக் கூட்டிப்போனார்.

"இந்தச் சாவிக்கடை அரைக்கிற சத்தம் வலது பக்கம் வந்ததும் திரும்பணும். இப்ப இடது கன்னத்துல சூடு தெரியுதா? பேக்கரி அடுப்புச் சுவர். இங்க காலுக்குக் கீழ கல்லு சொரசொரன்னு மாறும், அப்படின்னா படி வருது, ரெண்டே ரெண்டு. துணிக்கடைக்காரர் கூரைத்துணியைத் தாழ்வா கட்டியிருப்பார், நிழல் தலையில விழுந்தா மருந்துக்கடை வந்தாச்சு." சொல்லிக்கொண்டே போனார், நடை குறையவே இல்லை. எதிரில் வந்த ஓர் ஆள் "என்னக்கா, ரொட்டியா?" என்றான். பூக்கடைக்காரி "யாரு அது கூட, தங்கச்சியா?" என்றாள். தெரு அவ்வளவு குறுகல் என்பதால் யாரும் யாரையும் பார்க்காமல் போக முடியாது. இத்தனை வருடம் அதைத்தான் நான் அறிக்கைகளில் இடநெருக்கடி என்று எழுதியிருக்கிறேன்.

"அகல வீதி?" என்று கேட்டேன்.

"அழகா இருக்கு. குறை சொல்லக்கூடாது. ஆனா அங்க எதுவும் பக்கத்துல இல்ல. சுவரு எங்கயோ இருக்கு, ஆளு எங்கயோ இருக்காங்க. பால் கொட்டின மாதிரி தரை. அதுல இறங்கினா நான் எங்க இருக்கேன்னே தெரியல."  பிறகு சாதாரணமாகக் கேட்பதுபோல், "இதையும் அப்படி ஆக்கப் போறாங்களாமே?" என்றார். என் முழங்கையில் அவர் விரல்கள் இறுகின.

"இன்னும் முடிவாகல அண்ணி."

"பார்வை கொஞ்சம் இருக்கும்போதே ஒரு பாதையை நல்லா பழகிக்கோங்க, அப்புறம் முழுசாப் போனாலும் தனியா நடக்கலாம்னு டாக்டர் சொன்னார். அதைத்தான் பண்ணிக்கிட்டிருக்கேன். பழகின பாதையே இல்லன்னா வீட்டுக்குள்ள உட்கார வேண்டியதுதான். வேற என்ன?"

மூன்றாவது வாரமும் முடிந்தது. எண்கள் வந்தன. உச்ச நேரத்தில் அகல வீதியில் மணிக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர். கடைத்தெருவில் ஆயிரத்து நூறு. தலைவர் என்ன எதிர்பார்த்தாரோ அதுவே வந்திருந்தது. நான் தாளை அண்ணனுக்கு முன்னால் தள்ளினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் கேட்டது இதுதான்:

"அண்ணா, இன்னும் ஒரு நாள் எண்ணலாம்னு மேலாளர்கிட்ட அனுமதி வாங்கித் தரேன். கட்டைவிரலைக் கொஞ்சம் வேகமா ஓட்டுங்களேன். யார் பார்க்கப் போறா?"

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் சொன்னார்.

"அவளும் இந்த எண்ணிக்கைக்குள்ள ஒருத்திம்மா. நான் ஒரு பொய் சொடக்குப் போட்டா, எது நிஜம் எது பொய்னு பிரிக்க முடியாது. அப்புறம் அவ அந்தத் தெருவில நடந்ததும் பொய்யாப் போயிடும்."

 அன்று தாள்களையெல்லாம் மறுபடி பிரித்து உட்கார்ந்தேன். பதினோரு வருடமாக நான் வெட்டி எறிந்த ஏழாம் பத்தியை முதல் தடவையாகக் கூட்டிப் பார்த்தேன். அகல வீதியில் ஆயிரம் பேருக்கு முப்பத்தெட்டுக் கோடு. கடைத்தெருவில் ஆயிரம் பேருக்கு நூற்று நாற்பது. இரண்டு தடவை கூட்டினேன், மாறவில்லை. மேலாளர் அதைப் பின்னிணைப்பில் போடச் சொன்னார். நான் முதல் பக்கத்தில் போட்டேன். அட்டவணை அடங்கவில்லை, தாளைப் படுக்கை வாட்டமாகத் திருப்பினேன். பதினோரு வருடமாக அது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள்.

நகராட்சிக் கூட்டத்துக்கு அண்ணன் தாள்கட்டைத் தூக்கிக்கொண்டு கூட வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நான் ஏழாம் பத்தியைப் பற்றிச் சொல்லி முடித்ததும் தலைவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"நம்ம ஊர்ல வயசானவங்க ஜாஸ்தி. அதைத்தானே இவ்வளவு சுத்தி வளைச்சுச் சொல்றீங்க?"

 அப்படி இல்லை என்று நிரூபிக்க என்னிடம் ஓர் எண்ணும் இல்லை. பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. சொடக்கு அண்ணன் எழுந்து நின்றிருந்தார். கூட்டத்தில் அவர் பேசி நான் பார்த்ததே இல்லை. தலைவரின் காலைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

"ஐயா, அவங்க எல்லாரும் நம்ம ஊர் இல்லைங்க. அந்த ஊர்ல பார்த்த அதே செருப்புங்க இங்க வருது."

"என்ன செருப்பு?"

"இடது அடி மட்டும் ரெண்டு விரல் உயரம் வச்ச பழுப்பு ஷூ. அங்க திங்கக்கிழமை காலையில பாலத்து பஸ்ஸுக்குப் போச்சு. புதன்கிழமை நான் இங்க உட்கார்ந்தப்ப அதே ஷூ நம்ம தெருவில நடந்துச்சு. நீல ரப்பர் செருப்பு, கூடவே நாலு கால் ஊன்றுகோல், அதுல ஒரு காலுக்கு மட்டும் துணி சுத்தியிருக்கும். பெருவிரலுக்கு ஓட்டை வெட்டின கறுப்பு ஷூ. இப்படி முப்பத்தொரு ஜோடி, பாலம் தாண்டி வருதுங்க. அவங்க ஊர்லயே அவ்வளவு பெரிய வீதி இருக்கு, ஆனா நடக்கிறதுக்கு இங்க வர்றாங்க." கட்டைவிரல் ஒரு தடவை மடங்கியது. "முப்பத்திரண்டாவது ஒண்ணு இருக்கு. சாம்பல் கேன்வாஸ். அது நம்ம ஊர்தான். அங்க பன்னெண்டு எண்ணி முடிச்சும் பாதி தூரம் தாண்டல. இங்க கோடே போட வேண்டி வரல."

அது யாருடைய கால் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் குனிந்து தாளைப் பார்த்துக்கொண்டேன், எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது.

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஏழைபாழை மேல் இரக்கம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். "அந்த ஊர் ஜனங்க நம்ம ஊருக்கு வர்றாங்களா? பஸ் ஏறியா?" என்று மூன்று தடவை கேட்டார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. ஐஸ்கிரீமின் ருசி அந்த நிமிடமே மறந்து போயிருக்க வேண்டும். வெள்ளைக் கல் திட்டம் கைவிடப்பட்டது. சாக்கடையைச் சீராக்கி, படிகளுக்கு மஞ்சள் விளிம்பும் கைப்பிடியும் வைத்து, உட்கார நாலு பெஞ்சு போடுவது என்று முடிவானது. பெஞ்சு அண்ணன் கேட்டது. அடுத்த வாரம் பத்திரிகைக்காரர்களிடம், கடைத்தெருவின் குறுகலைச் சின்ன வயதிலிருந்தே தாம் நேசிப்பதாகத் தலைவர் பேட்டி கொடுத்தார். போகட்டும், நல்லது நடந்தால் சரி.

எட்டு மாதம் கழித்து, சாக்கடை வேலை முடிந்ததும் மறுபடி எண்ணச் சொன்னார்கள். அன்று நானும் ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மின்விசிறியை விட்டு ஒருநாள் வெளியே வரலாமே என்றுதான். வழக்கம்போல வீட்டில் அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

பத்தரை மணி இருக்கும். சாவிக்கடைப் பக்கமிருந்து சாம்பல் நிறக் கேன்வாஸ் காலணி வந்தது. அடிப்பாகம் இப்போது தேய்ந்திருந்தது. ஓரத்தில் இருந்த பார்வையும் குறைந்துகொண்டே வருகிறது என்று போன மாதம்தான் அண்ணன் சொல்லியிருந்தார். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையில் பென்சில் தயாராக இருந்தது. மனைவி என்பதற்காக ஓர் எண்ணைக்கூட மெதுவாக எண்ண மாட்டார் இந்த மனிதர். எனக்கு அது தெரியும்.

முதல் கம்பம். நானும் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. பேக்கரிச் சுவர் ஓரமாக நடை சீராக வந்தது. ஐந்தில் ஓர் ஆள் அட்டைப்பெட்டி அடுக்கிய தள்ளுவண்டியைக் குறுக்கே விட்டான். கால்கள் நின்றன. ஆறு. ஏழு. எனக்கு அந்த ஆளை எழுந்து அறையலாம் போல இருந்தது. அண்ணியின் கை நீண்டு புதுக் கைப்பிடியைத் தொட்டது. எட்டு. படி. இரண்டாவது படி. ஒன்பது, பத்து. வெற்றுத்தரை. பதினொன்று.

காலணியின் முனை இரண்டாவது கம்பத்தைத் தாண்டியது. சொடக்கென்று சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்துக்கு அண்ணி நின்றார். திரும்பவில்லை. உதட்டில் சிரிப்பு மட்டும் வந்தது.

"கோடு உண்டா?" என்று கேட்டார்.

கட்டம் முடிகிறவரை வாய் திறக்கக்கூடாது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அண்ணன் திறந்தார்.

"இல்ல."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அவர் ரொட்டி வாங்கப் போனார். அண்ணன் தலையை நிமிர்த்தினார். காலைப் பார்க்கவில்லை. வளைவில் திரும்பி மறைகிறவரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் மூன்று பேர் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள்.  நான் அவர் கையிலிருந்த கருவியை மெதுவாக வாங்கி மூன்று தடவை அழுத்தினேன்.